தாத்தாவுக்கு யார் சாட்சி?

வழக்கு மன்றம் நிரம்பி வழிகிறது. வெண்தாடி, மலர்ந்த முகம், கையிலே தடி, கண்ணிலே குறும்பு. இத்தகைய கிழவர் ஒருவரைப் பித்தர் என்று கூறிப் பூட்டி வைப்பதா, விட்டுவிடுவதா என்பதை அறியக் காத்திருக்கிறது கூட்டம். கதவு திறக்கிறது. வருகிறார்கள் அஞ்சல் ஊழியர்கள், ஒருவர் பின் ஒருவராக, மூட்டைகளுடன். அவிழ்க்கிறார்கள்; கொட்டுகிறார்கள் நீதிபதியின் மேசை மீதே. கடிதங்கள்! ஆயிரமாயிரம் கடிதங்கள்! எல்லாம் குழந்தைகள் எழுதியவை. எல்லாவற்றிலும் பெயர் ஒன்றே: கிறிஸ்துமஸ் தாத்தா! குவியலை விலக்கித் தலை நீட்டுகிறார் நீதிபதி. அமெரிக்க அரசின் அஞ்சல் துறையே இவர்தான் தாத்தா என்று ஏற்றுக்கொண்டபின் இந்த மன்றம் மறுப்பதற்கில்லை என்கிறார். வழக்குத் தள்ளுபடி! ஆரவாரம்!

சென்ற டிசம்பரில் வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்தப் படத்தை மீண்டும் பார்த்தேன். கை தட்டினார்கள் பிள்ளைகள். நானுந்தான் தட்டினேன், மறைப்பானேன்? அக்காள் மகள், ஒன்பது வயதுச் சிறுமி, அவள் மட்டும் தட்டவில்லை. என் பக்கம் திரும்பி, "மாமா! கடிதம் வந்துவிட்டால் அவர் நிஜமான தாத்தா ஆகிவிடுவாரா?" என்று கேட்டாள்.

அங்கே, அந்த மன்றத்திலே, ஒருவரும் கேட்காத கேள்வி! ஒரு வரியில் விடை கூற இயலவில்லை அன்று. இங்கே கூற முயல்கிறேன்.

படத்தின் பெயர் 'மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்'. முப்பத்து நான்காம் தெருவிலே ஓர் அற்புதம் என்று பொருள். 1947-இல் வெளிவந்தது. கதை, வாலன்டைன் டேவிஸ். திரைக்கதையும் இயக்கமும் ஜார்ஜ் சீட்டன். இருவரும் ஆஸ்கார் பரிசு பெற்றனர். கிழவராக நடித்த எட்மண்ட் குவென், துணை நடிகருக்கான பரிசைப் பெற்றார். கிறிஸ்துமஸ் படத்தைக் கோடையிலே வெளியிட்டார் இருபதாம் நூற்றாண்டு பாக்ஸ் நிறுவனத்தின் தலைவர் டாரில் சானக். கோடையில்தான் கொட்டகைக்குக் கூட்டம் அதிகம் வருமாம்! அதற்காக விளம்பரங்களில் கிறிஸ்துமஸ் என்ற பேச்சையே மறைத்தார்கள். பண்டிகையைப் போற்றும் படம், பண்டிகையை ஒளித்துவைத்து விற்கப்பட்டது. படத்துக்குள் நடக்கும் வாணிபத்துக்கு இதைவிடப் பொருத்தமான முகவுரை வேண்டியதில்லை.

குடும்பப் படம் என்றால் கருத்தற்ற படம், சிரித்துவிட்டுப் போகவேண்டிய படம் என்று எண்ணிக் கொள்கிறோம். மேடையேறிச் சொன்னால் மறுத்துப் பேச நான்கு பேர் எழுவார்கள். குழந்தையின் மழலையோடு கலந்து கொடுத்தால் மறுக்க எவர் எழுவார்? ஆகவேதான் இத்தகைய படங்களைக் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

கதை இதுதான். நியூயார்க்கில் மேசி என்ற பேரங்காடி. அங்கே விழா ஊர்வலத்தைப் பொறுப்பேற்று நடத்தும் உயர் அலுவலர் டோரிஸ் வாக்கர், மணவிலக்குப் பெற்றவள், தன் உழைப்பால் தன் மகள் சூசனை வளர்ப்பவள். மோரீன் ஓஹாரா தாயாக, சிறுமி நாட்டலி உட் மகளாக நடித்திருக்கிறார்கள். ஊர்வலத்தில் தாத்தா வேடம் போட வந்தவன் குடித்துவிட்டுத் தள்ளாடுகிறான். அவன் இடத்தில் ஏறுகிறார் வழியோடு வந்த கிழவர் ஒருவர். பெயர் கிரிஸ் கிரிங்கிள். வேடம் அல்ல, தாமே உண்மையான கிறிஸ்துமஸ் தாத்தா என்கிறார். பக்கத்துக் குடியிருப்பிலே பிரெட் கெய்லி என்ற வழக்கறிஞன்; டோரிஸ் மீது அவனுக்கு நாட்டம். கிழவரைப் பித்தர் விடுதிக்கு அனுப்ப வழக்கு வருகிறது, பிரெட் வாதாடுகிறான், வெல்கிறான். டோரிஸ் மனம் மாறுகிறாள். சூசன் கேட்ட வீடு கிடைக்கிறது. முடிந்தது கதை.

பண்டிகைக் கதைதான், ஆனால் தேவாலயத்துக்கு இதில் வேலை இல்லை. கோயில், கடை. பீடம், விற்பனைப் பகுதி. இதைப் படம் மறைக்கவும் இல்லை. அதைப் பாராட்டத்தான் வேண்டும். நன்றியறிதல் நாளன்று அந்தக் கடை நடத்தும் ஊர்வலம் 1924-இல் தொடங்கிற்று. தாத்தாவின் வருகையோடு ஊர்வலம் முடியும். கொள்முதல் பருவம் தொடங்கும். படத்தில் நாம் காண்பது செட்டு அல்ல. 1946-ஆம் ஆண்டு உண்மையாக நடந்த ஊர்வலம், குவென் உண்மையாகவே தாத்தாவாக அதில் சென்றார். அந்த நாளுக்கே ஒரு வரலாறு உண்டு. 1939-இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் நன்றியறிதல் நாளை ஒரு வாரம் முன்னே தள்ளி வைத்தார். எதற்காக? கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கூடுதலாக ஒரு வாரம் கிடைக்கட்டும் என்று வணிகர்கள் கேட்டுக்கொண்டதற்காக! சில மாநிலங்கள் ஏற்றன, சில மறுத்தன, சில ஆண்டுகள் ஒரே நாட்டிலே இரண்டு நன்றியறிதல் நாட்கள்! 1941-இல் சட்டம் இயற்றி, நவம்பரின் நான்காம் வியாழன் என்று முடிவு கட்டினார்கள். பண்டிகை நாளைக் குறிப்பது கணியர் வேலை என்று கருதியிருப்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைக்குள் வந்த கிழவரிடம் ஒரு பட்டியல் தரப்படுகிறது. விற்காமல் தேங்கிக் கிடக்கும் பொம்மைகளின் பட்டியல். என்ன வாங்குவதென்று தெரியாமல் விழிக்கும் குழந்தையிடம் இவற்றைச் சொல்லித் தள்ளிவிட வேண்டுமாம். கொதிக்கிறார் கிழவர். பட்டியலைக் கிழித்துப் போடுகிறார். குழந்தைக்குத் தீயணைப்பு வண்டி தேடி அலைந்து கால் ஓய்ந்த தாய் ஒருத்தி வருகிறாள். இங்கே கிடைக்காது, இன்ன கடைக்குப் போங்கள், அங்கே கிடைக்கும் என்று சொல்லி அனுப்புகிறார். திகைக்கிறாள் அந்தத் தாய். தெல்மா ரிட்டர் என்ற நடிகை. இரண்டே நிமிடந்தான் வருகிறார். வேலை முடிந்து வந்து, வீட்டுச் செலவை விரல்விட்டு எண்ணும் நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணின் களைப்பு முழுவதும் அந்த இரண்டு நிமிடத்திலே தெரிகிறது.

போட்டிக் கடைக்கு ஆளை அனுப்பிய தாத்தாவை விரட்டுவார்கள் என்று பார்த்தால், முதலாளி துள்ளிக் குதிக்கிறார். வாடிக்கையாளர் நன்றி கூறிக் குவிகிறார்களே! இலாபத்தை எண்ணாமல் உதவும் கடை என்ற பெயர் வந்துவிட்டதே! அந்தப் பெயரைப்போல் இலாபம் தருவது வேறு உண்டா? இனி எல்லாப் பகுதிகளிலும் இதுவே கொள்கை என்று ஆணையிடுகிறார். எதிர்க்கடைக்காரர் கிம்பெல் சும்மா இருப்பாரா? அவரும் அதே கொள்கையை மேற்கொள்கிறார். இறுதியில் இரு முதலாளிகளும் கை குலுக்கிப் படமெடுத்துக் கொள்கிறார்கள். பேராசையைக் கண்டித்தார் கிழவர். கண்டனத்தையே சரக்காக்கி விற்றது கடை! படத்தின் மிகக் கூர்மையான நையாண்டி இதுதான். கிழவருடைய அன்பு பொய்யன்று. கடைக்காரருடைய அன்பு கணக்கு. இரண்டும் ஒரே செயலாக வெளிப்படும்போது இரண்டையும் பிரித்துக் காண்பது எப்படி? படம் இந்தக் கேள்வி வரை வருகிறது. வந்து, நின்று, சிரித்துவிட்டுத் திரும்பிவிடுகிறது.

கிழவருக்கு வெகுமதிக் காசோலை தருகிறார் மேசி. என் நண்பரான மருத்துவருக்கு எக்ஸ்ரே கருவி வாங்கித் தரப் போகிறேன் என்கிறார் கிழவர். பணம் போதாதே என்று மிச்சத்தை ஏற்க முன்வருகிறார் ஒரு முதலாளி. என் கடை மூலம் மலிவாக வாங்கலாம் என்கிறார் மற்றவர். முதியோர் விடுதிக்கு எக்ஸ்ரே கருவி வந்து சேர, இரண்டு செல்வர்கள் ஒருவரை ஒருவர் மிஞ்ச எண்ணவேண்டியிருக்கிறது! இது அறமா, சூதாட்டத்தில் விழுந்த நல்ல காயா? இதற்கு ஓராண்டு முன்பு வந்த பிராங்க் காப்ராவின் கிறிஸ்துமஸ் படம், 'இட்ஸ் எ வொண்டர்புல் லைப்'. அதில் வங்கிச் சீமான் ஒருவன் ஊரை உறிஞ்சும் கொடியவனாக வருகிறான். சீமானைக் கெட்டவனாகக் காட்டுவது பொதுவுடைமையாளர் வேலை என்று 1947-இல் அமெரிக்கப் புலனாய்வுத் துறை ஏட்டிலே குறித்து வைத்தது. அப்படிப்பட்ட காலம் அது. நம் படத்திலே சீமான்கள் எவரும் கெட்டவரல்லர். சற்றே ஆசை உள்ளவர்கள், அவ்வளவுதான்.

கெட்டவன் என்று ஒருவன் வேண்டுமே, அவன் யார்? சாயர் என்பவன், ஊழியர்களுக்கு மனச்சோதனை நடத்துவதற்காகக் கடையில் சம்பளம் வாங்குபவன். துப்புரவு வேலை செய்யும் ஆல்பிரட் என்ற இளைஞனுக்கு, தாத்தா வேடமணிந்து குழந்தைகளுக்குப் பரிசு கொடுப்பதிலே இன்பம். உன் உள்ளத்திலே குற்ற உணர்ச்சி ஒளிந்திருக்கிறது, அதனால்தான் கொடுக்கிறாய் என்று சொல்லி அந்தப் பிள்ளையைக் குன்ற வைக்கிறான் சாயர். கிழவருக்குக் கோபம் பொங்குகிறது. தடியால் மண்டையிலே ஒன்று போடுகிறார். நியாயமான கோபம். ஆனால் சூழ்ச்சியைப் பாருங்கள்! அறிவியல் பேசுகிறவன் என்று படம் நம் கண்முன் அழுத்தமாக நிறுத்துவது இந்த அரைகுறையைத்தான். முதியோர் விடுதி மருத்துவர் பியர்ஸ் என்ற நல்லவரும் இருக்கிறார். கிழவருக்கு இருப்பது ஒரு மயக்கம், தீங்கற்ற மயக்கம், விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்கிறார். உண்மையான அறிவியல் அதுதான். அடக்கமாகப் பேசுகிறது, அன்போடு பேசுகிறது. ஆனால் அடக்கமாகப் பேசுகிறவரை ஓரத்தில் நிறுத்திவிட்டு, சாயர் தோற்றால் பகுத்தறிவே தோற்றது என்று எண்ணும்படி அமைத்துவிட்டார்கள்.

இனி வழக்கு மன்றம். இந்தப் பகுதிக்காகவே படத்தை நூறு முறை பார்க்கலாம். நீதிபதி ஹார்ப்பர் நல்லவர்; ஆனால் தேர்தல் வருகிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் நீதிபதிகள் வாக்குக் கேட்டுப் பதவிக்கு வருகிறவர்கள். அவருக்கு ஆலோசகர் ஹாலோரன். வாயிலே சுருட்டு, கண்ணிலே வாக்குக் கணக்கு. தாத்தா இல்லை என்று தீர்ப்புச் சொல்லிப் பாருங்கள் என்கிறார். பொம்மை செய்யும் முதலாளிகள் கெடுவார்கள். அவர்களிடம் வேலை செய்யும் தொழிலாளர் கெடுவார்கள். அந்தத் தொழிலாளரின் சங்கங்கள் சும்மா இருக்குமா? பேரங்காடிகள் எதிர்க்கும், தெருமுனையில் தாத்தா வேடத்தோடு மணியடித்து அறத்துக்குப் பணம் திரட்டுவோரும் எதிர்ப்பர். பிறகு உமக்கு வாக்களிக்க எஞ்சுவது நீர் ஒருவர், அரசு வழக்கறிஞர் ஒருவர். நீதிபதி சோர்ந்து கூறுகிறார், அரசு வழக்கறிஞர் எதிர்க்கட்சிக்காரர் என்று!

வாய்விட்டுச் சிரிக்கிறோம். சிரித்தபின் எண்ணிப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. ஒரு பொருள் உண்டா இல்லையா என்பதை முடிவு செய்வது எது? அதை நம்பி நடக்கும் தொழில், அந்தத் தொழிலில் வாழும் கூலி, அந்தக் கூலிக்காரரின் வாக்கு. மூன்றும் சேர்ந்தால் இல்லாதது இருக்கிறது! மூடநம்பிக்கை எவ்வாறு நிலைபெறுகிறது என்பதை விளக்கத் தடித்த நூல்கள் எழுதுகிறோம். ஒரு சுருட்டும் ஐந்து விரலும் வைத்துக்கொண்டு விளக்கிவிடுகிறார் ஹாலோரன். வீட்டிலும் நீதிபதிக்கு நிம்மதி இல்லை. பேரக் குழந்தைகள் முத்தம் தர மறுத்துப் போய்விடுகிறார்கள்.

சாட்சிக் கூண்டிலே முதலாளி மேசி. இவர் உண்மையான தாத்தா என்று நீர் நம்புகிறீரா என்பது கேள்வி. மனக்கண்ணில் ஓடுகின்றன நாளைய ஏட்டுத் தலைப்புகள், அழும் குழந்தைகள், சீறும் பங்குதாரர்கள். நம்புகிறேன் என்கிறார்! இதிலே இன்னொரு வேடிக்கை. 1947-இல் மேசி என்ற பெயருடைய முதலாளி அந்தக் கடைக்கு இல்லை. கடையைத் தொடங்கிய மேசி 1877-இலேயே மறைந்துவிட்டார். கடை ஸ்ட்ராஸ் குடும்பத்தாரிடம் போய் நெடுங்காலம் ஆகியிருந்தது. இல்லாத தாத்தாவுக்கு, இல்லாத முதலாளி சாட்சி!

அரசு வழக்கறிஞரின் சொந்த மகனையே கூண்டில் ஏற்றுகிறான் பிரெட். தாத்தா உண்டு என்று உனக்கு யார் சொன்னது? அப்பாதான் சொன்னார் என்கிறது குழந்தை. வேறு வழியின்றி, தாத்தா உண்டு என்பதை அரசுத் தரப்பு ஒப்புக்கொள்கிறது. இந்தக் கிழவர்தான் அவர் என்பதற்கு அதிகாரபூர்வமான சான்று வேண்டும் என்கிறது. அப்போது வருகின்றன அந்த மூட்டைகள். எப்படி வந்தன? அஞ்சல் நிலையத்தில் முகவரியில்லாக் கடிதங்கள் மலைபோல் தேங்கிக் கிடக்கின்றன. தாத்தா என்பவர் வழக்கு மன்றத்தில் இருக்கிறாராம்; எல்லாவற்றையும் அங்கே தள்ளிவிட்டால் நம் கிடங்கு காலியாகுமே என்கிறான் கடிதம் பிரிக்கும் ஊழியன். அற்புதம் நிகழ்ந்துவிட்டது!

என் அக்காள் மகளே, விடையின் முதற்பாதி இதோ. கடிதம் வந்ததால் அவர் தாத்தா ஆகிவிடவில்லை. கிடங்கைக் காலி செய்ய எண்ணினான் ஒருவன். பதவியைக் காக்க எண்ணினார் ஒருவர். கடையைக் காக்க எண்ணினார் மற்றொருவர். மகன் முகம் வாடக் கூடாதென்று எண்ணினார் இன்னொருவர். இவர்களிலே எவரும் நம்பவில்லை. எல்லாரும் நம்புவதாக ஒப்பமிட்டார்கள்.

1994-இல் இதே கதையைத் திரும்ப எடுத்தார்கள். மேசி கடையார் பெயர் தர இசையாததால் கோல் என்று ஒரு கற்பனைக் கடை. 'காந்தி' படத்தை இயக்கிய ரிச்சர்ட் ஆட்டன்பரோ அதிலே தாத்தாவாக வருகிறார். கடித மூட்டைகள் போய்விட்டன. சிறுமி சூசன் நீதிபதியிடம் ஒரு டாலர் நோட்டைத் தருகிறாள். 'கடவுளை நம்புகிறோம்' என்ற வாசகம் வட்டமிடப்பட்டிருக்கிறது. சான்று கேளாமல் அரசாங்கம் கடவுளை நம்பி நோட்டு அடிக்கிறதே, அதுபோல் தாத்தாவையும் நம்பலாம் என்று தீர்ப்பு! அந்த வாசகம் எல்லாப் பணத்திலும் இடம்பெற வேண்டும் என்று சட்டம் வந்ததே 1955-இல்தான். காகித நோட்டிலே ஏறியது 1957-இல்தான். முதற்படம் எடுத்த காலத்தில் அந்தச் சான்று டாலரிலே இல்லை. பழைய படத்தில் நம்பிக்கையின் அடியிலே கிடந்த வாக்கையும் வாணிபத்தையும் பார்த்துச் சிரித்தோம். புதிய படத்திலே பணத்தையே வேதமாக நீட்டுகிறார்கள். சிரிக்க அல்ல, கண் கலங்க! நையாண்டி போயிற்று, பக்தி வந்தது.

பழைய படத்துக்கே திரும்புவோம். எனக்கு அதனோடுதான் வழக்கு. ஆடவர் அனைவரும் ஆதாயம் பெற்று நம்புகிறார்கள் என்றேனல்லவா? ஆதாயமின்றி, மனமாற, மண்டியிட்டு நம்பும்படி கேட்கப்படுபவள் ஒருத்தி உண்டு. டோரிஸ்!

அவள் செய்த குற்றம் என்ன? மகளிடம் பொய் சொல்ல மறுத்தாள். கட்டுக்கதைகளை உண்மை என்று ஊட்டி வளர்த்தால், பெண் பிள்ளை பின்னாளில் கனவு இளவரசனை எதிர்பார்த்து நிற்பாள், வந்தவன் இளவரசன் அல்லன் என்று கண்டு உடைவாள் என்று சொல்கிறாள். படித்துச் சொன்னதல்ல, பட்டுச் சொன்னது. போர்க்காலத்தில் ஆலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் இலட்சக்கணக்கான பெண்களை அழைத்த அமெரிக்கா, 1945-இல் போர் முடிந்ததும் அடுப்படிக்குத் திரும்புங்கள் என்றது. 1946-இல் மட்டும் அங்கே நடந்த மணவிலக்குகள் 6 இலட்சத்தைத் தாண்டின. அந்தக் காலத்திலே மணவிலக்குப் பெற்ற பெண்ணை, கண்ணீர் வடிக்காதவளாக, கடன்படாதவளாக, திறமையால் உயர்ந்தவளாகக் காட்டிய துணிவைப் பாராட்டுகிறேன். கத்தோலிக்கரின் ஒழுக்கக் காப்புக் கழகம், மணவிலக்குப் பெற்றவளை நாயகியாக்கியதற்காக இந்தப் படத்தை ஓரளவு ஆட்சேபத்துக்குரியது என்று வகைப்படுத்தியது. சாந்தமான தாத்தா படத்துக்கே இந்தக் கதி!

ஆனால் அந்தத் துணிவு பாதி வழியில் நின்றுவிட்டது. தாயிடம் சொல்லாமல் பிரெட், சூசனைத் தாத்தாவிடம் அழைத்துச் செல்கிறான். தாயின் கொள்கையை மீறியது தவறு என்று படம் கருதவில்லை. குறும்பு என்று ரசிக்கிறது. கிழவருக்காக வாதாடப் பிரெட் தன் வேலையையே விட்டுவிடுகிறான். குடும்பத்துக்கு வருவாய் என்ன ஆகும் என்று டோரிஸ் கேட்டால், அவளுக்கு நெஞ்சம் இல்லை என்று பொருள்! தனியாக நின்று, வாடகை கொடுத்து, பிள்ளை வளர்த்தவளுக்கு வருவாய் என்ற சொல்லின் எடை தெரியும். முடிவில் அவள், பிரெட் சொன்ன பாடத்தையே தன் மகளுக்குச் சொல்கிறாள்: அறிவு மறுத்தாலும் நம்புவதே நம்பிக்கை என்று. அதே கருத்தை ஹாலோரன் நீதிபதிக்குச் சொன்னபோது நகைச்சுவை. டோரிஸ் மகளுக்குச் சொல்லும்போது உருக்கம். அங்கே இசைக்கருவிகள் சும்மா இருந்தன. இங்கே வயலின் வந்துவிடுகிறது.

இவ்வளவு எழுதுகிறாயே, குழந்தைகளின் இன்பத்தைக் கெடுக்கலாமா, கற்பனை வேண்டாமா என்று கேட்பார் உண்டு. வேண்டும்! அதைப் படமே அழகாகச் சொல்கிறது. மற்றப் பிள்ளைகள் விலங்குகளாக நடித்து விளையாடுகிறார்கள். சூசனுக்கு அந்த விளையாட்டுத் தெரியவில்லை. கிழவர் அவளுக்குக் குரங்காக நடிக்கக் கற்றுத் தருகிறார். தலையைச் சொறியச் சொல்கிறார், முகத்தைச் சுளிக்கச் சொல்கிறார். அந்தக் காட்சியிலே டோரிஸ் தவறினாள் என்பதை ஒப்புகிறேன். பொய்யைத் தடுக்கப் புகுந்தவள் விளையாட்டையும் தடுத்துவிட்டாள். ஆனால் கவனியுங்கள்! குரங்காக நடித்த சூசன், தான் குரங்கு என்று நம்பவில்லை. நடிப்பு என்று அறிந்தே நடித்தாள், அறிந்ததனால்தான் இன்பம். கற்பனை என்பது அது. கற்பனையைக் கேட்டுக் கையேந்தி வந்த படம், அதை வாங்கிக்கொண்டு, அதன் இடத்திலே நம்பிக்கையை வைத்துவிட்டுப் போகிறது. இரண்டும் ஒன்றல்ல. கதையைக் கதையென்று அறிந்து களிக்கும் குழந்தையிடம், இது கதையல்ல என்று சத்தியம் செய்யச் சொல்வதுதான் இன்பத்தைக் கெடுப்பது. என் அக்காள் மகளுக்கு விடையின் மறுபாதி இது. அவள் அன்று படத்தை ரசிக்காமல் இல்லை. ரசித்தாள், கேள்வியும் கேட்டாள்.

கிழவரிடம் பற்றுக் கொள்ள வேண்டிய இடம் வேறு ஒன்று. ராட்டர்டாம் நகரத்து அனாதை விடுதியிலிருந்து தத்தெடுத்து வந்த டச்சுச் சிறுமி ஒருத்தியை அவரிடம் அழைத்து வருகிறார்கள். ராட்டர்டாம், 1940 மே மாதத்தில் செர்மானிய விமானங்கள் குண்டு வீசி அழித்த நகரம். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. உங்களோடு பேச முடியாது என்று சொல்லியும் கேளாமல் வந்துவிட்டாள் என்கிறாள் வளர்ப்புத் தாய். கிழவர் டச்சு மொழியிலே பேசுகிறார். மலர்கிறது குழந்தையின் முகம். அங்கே அற்புதம் எதுவும் இல்லை. ஒருவர் மற்றவர் மொழியைக் கற்றிருந்தார், அவ்வளவே. படம் முழுவதிலும் எனக்குத் தொண்டை அடைத்த இடம் அது ஒன்றுதான். சூசன் ஓரத்திலே நின்று வியப்போடு பார்க்கிறாள்.

முடிவிலே வீடு. சூசன் தாத்தாவிடம் கேட்டது பொம்மை அல்ல. நகரத்து அடுக்குக் குடியிருப்பை விட்டுப் போகத் தோட்டமும் ஊஞ்சலும் உள்ள வீடு. கிறிஸ்துமஸ் அன்று லாங் ஐலண்டில் வழியிலே அந்த வீடு தெரிகிறது. விற்பனைக்கு என்ற பலகை நிற்கிறது. பிரெட்டும் டோரிஸும் மணந்துகொள்ள முடிவு செய்கிறார்கள். உள்ளே சுவரோரம் கிழவரின் தடி! 1946, 47-இல் அமெரிக்காவில் வீட்டுப் பஞ்சம். போரிலிருந்து திரும்பிய வீரர்கள் உறவினர் வீடுகளிலே ஒண்டிக் கிடந்தார்கள். அவர்களுக்காக 1946-இல் அவசர வீட்டுச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. சட்டமன்றத்திலே பேசப்பட்ட பொருள் இங்கே தாத்தாவின் பரிசாக வருகிறது. படம் வெளிவந்த அதே 1947-இல், அதே லாங் ஐலண்டில், லெவிட்டவுன் என்ற பெருங்குடியிருப்பு எழுந்தது. ஆயிரக்கணக்கான வீடுகள், மலிவான வாடகை, முன்னாள் வீரர்களுக்கு முன்னுரிமை. வெள்ளையரல்லாதார் குடியிருக்கக் கூடாது என்ற விதியும் குத்தகைப் பத்திரத்திலே இருந்தது. கறுப்பு வீரனும் அதே போரில்தான் போரிட்டான். ஊஞ்சல் அவன் மகளுக்கு இல்லை.

படத்திலே கறுப்புப் பெண் ஒருத்தி இருக்கிறாள். பார்த்தவர்களில் பலருக்கு நினைவிருக்காது. டோரிஸ் வீட்டுப் பணிப்பெண், கிளியோ. ஊரெல்லாம் விடுமுறை கொண்டாடும் நன்றியறிதல் நாளில் அவள் வேலையில் இருக்கிறாள். டோரிஸ் அலுவலகத்தில் நிமிர்ந்து நடப்பதற்கு, வீட்டில் இவள் குனிந்து நிற்க வேண்டியிருந்தது. நடித்தவர் தெரேசா ஹாரிஸ். திரையில் ஓடும் நடிகர் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. நீதிபதிக்கு என்ன வேண்டும் என்று படத்துக்குத் தெரிந்திருக்கிறது. முதலாளிக்கு, அஞ்சல் ஊழியனுக்கு, மருத்துவருக்கு, பிரெட்டுக்கு, சூசனுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. உனக்குக் கிறிஸ்துமஸுக்கு என்ன வேண்டும் என்று கிழவர் கிளியோவைக் கேட்கும் காட்சி படத்தில் இல்லை.